பொட்டலத்துக்குள் இருந்த மருந்து

கால் வீங்கி யாராவது கிளினிக்கில் வந்து உட்கார்ந்தால் போதும், "தனத்தப் போய்ப் பாருங்க, அது சொல்லும்" என்று டிரசர் எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு டாக்டர் கிடையாது. ஊசி போடுவது, புண் கட்டுவது, மாத்திரை கொடுப்பது எல்லாம் அவர்தான். நல்ல மனிதர். ஆனால் வருகிற ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. ஒரு தடவை எழுதிவைத்துவிட்டால் இனிமேல் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுதும்போதுதான் தெரிகிறது, வாயால் சொன்னபோதெல்லாம் ஒரு இடத்தை நைசாகத் தாண்டிப் போயிருக்கிறேன். இதில் அதையும் எழுதிவிடுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் நடந்தது. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கல்யாணமாகி நாலு வருஷம், பிள்ளை இல்லை. நான் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் வீரையா தோட்டத்து லோரி ஓட்டினார்.

முதலில் வீங்கியது கண். காலையில் எழுந்தால் இமை கனத்துப்போய் திறக்க வராது, வெயில் ஏறினால் சரியாகிவிடும். மலைக் குளிர் என்று நினைத்தேன். அப்புறம் கன்னம் ஊதியது. "புருசன் நல்லா ஊட்டிவிடுறாரு போல, கன்னம் பளபளன்னு இருக்கு" என்று கூடக் கிள்ளுகிறவர்கள் கிண்டல் செய்தார்கள். நானும் சிரித்தேன். ஒருநாள் ரப்பர் பூட்ஸுக்குள் கால் நுழையவில்லை. அன்றைக்குத்தான் கிளினிக்குக்குப் போனேன்.

டிரசர் என் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலை வைத்து அமுக்கினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. அவர் முகம் மாறியது. சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். கொதித்ததும் அது முட்டை வெள்ளை மாதிரி திரண்டு வெளுத்துப்போனது. 

"என்னா டிரசரய்யா இது?"

"ஒடம்புல இருக்க வேண்டிய சத்து வெளிய போவுது. நாளைக்கு வேணாம், இன்னைக்கே தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரிக்குப் போ. வேன் சொல்றேன்."

துணி எடுக்கக்கூட வீட்டுக்குப் போகவில்லை. கூடையைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு வேனில் ஏறினேன்.

தானா ராத்தா ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், மார்பைப் படம் பிடித்தார்கள், ஒரு பெரிய போத்தலைக் கொடுத்து ஒருநாள் முழுக்கப் போகிற சிறுநீரை அதில் சேர்க்கச் சொன்னார்கள். அந்தப் போத்தலைத் தூக்கிக்கொண்டு வார்டைத் தாண்டி நடக்க வேண்டும். வெட்கம் பிடுங்கித் தின்றது. மூன்றாம் நாள் டாக்டர் வந்து மலாயில் சொன்னதை, ராஜம் மிஸ்ஸி தமிழில் சொன்னார். நர்ஸை நாங்கள் மிஸ்ஸி என்போம். ராஜம் மிஸ்ஸிக்கு நாற்பது வயதிருக்கும், எங்களைப் போலத் தோட்டத்தில் பிறந்தவர்.

"ஃபேக்டரியில தூள் சலிக்கிற சல்லட பாத்திருக்கியா? அதுல ஓட்ட பெருசாயிட்டா என்னா ஆகும்?"

"நல்ல தூளும் கீழ போயிரும்."

"அதான் ஒனக்கு. கிட்னி ஒரு சல்லட. அதுல ஓட்ட பெருசாயிருச்சு. நல்ல சத்து வெளிய போவுது. போக வேண்டிய தண்ணியும் உப்பும் ஒடம்புலயே நிக்குது. அதான் வீக்கம்."

இரண்டு விதமான மாத்திரை கொடுத்தார்கள். ஒன்று தண்ணீரை வெளியே தள்ளுவது. இன்னொன்று சல்லடையைச் சரிசெய்வது. அந்த இரண்டாவது இருக்கிறதே, அது பசியைக் கிளப்பிவிடும். சாதாரணப் பசி இல்லை. சாப்பிட்டுக் கை கழுவும்போதே அடுத்த வேளை எப்போது என்று கேட்கிற பசி. அப்படிப் பசியைக் கொடுத்துவிட்டு, தட்டில் உப்பில்லாத சோறும் உப்பில்லாத முட்டைக்கோஸும் வைத்தார்கள். கண்ணீர் வந்துவிட்டது. பிள்ளைத்தனம்தான். ஆனால் வந்தது.

தினமும் காலையில் என்னை எடை போடுவார்கள். கங்காணி கொழுந்தை நிறுக்கும்போது முள் ஏற வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற நான், அங்கே முள் இறங்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு நின்றேன். இறங்கியது. மூன்று வாரத்தில் என் கன்ன எலும்பை மறுபடி கண்ணாடியில் பார்த்தேன். வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கிளம்பும்போது ராஜம் மிஸ்ஸி என்னையும் கூட்டிப்போக வந்திருந்த வீரையாவையும் கட்டிலில் உட்காரவைத்து அரை மணி நேரம் பாடம் எடுத்தார். "உப்பு ஒரு சிட்டிக கூடக் கூடாது. கருவாடு, ஊறுகா, டின் மீனு எதுவும் வேணாம். மருந்த மட்டும் ஒரு வேள விடாம போடு. ஏதாச்சும் சந்தேகம்னா டிரசர்கிட்ட கேளு." வீரையா தலையை ஆட்டினார். அவர் வீட்டுக்கு வந்து செய்த முதல் வேலை, உப்பு ஜாடியை எடுத்துப் பக்கத்து வீட்டில் கொடுத்ததுதான். தனக்கும் வேண்டாமென்று விட்டுவிட்டார். எந்தப் புருஷன் செய்வான்?

இப்போது பாக்கெட் மீயைப் பற்றிச் சொல்ல வேண்டும். மீ, அதாவது நூடுல்ஸ், எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. தோட்டத்துக் கடையில் அட்டைப் பெட்டியாக அடுக்கி வைத்திருப்பார்கள். சுடுதண்ணீரில் போட்டால் சாப்பாடு ஆகிவிடும். மலையில் நிற்கும்போது சுடுதண்ணீருக்கு எங்கே போவது? பாக்கெட்டோடு நொறுக்கி, உள்ளே இருக்கும் சின்னப் பொட்டலத்தைப் பிய்த்து அந்தத் தூளை மேலே கொட்டிக் குலுக்கி, அப்படியே வாயில் போட்டுக்கொள்வோம். முறுக்கும் தோற்றுவிடும். கடைசியில் அடியில் கிடக்கும் தூளை விரலை நனைத்துத் தொட்டு நக்குவது தனிச் சுகம். ஒரு நாளைக்கு மூன்று பாக்கெட் வரை தின்றிருக்கிறேன். சோறு இரண்டாம்பட்சமாகிவிட்டது.

அந்தத் தூளுக்கு எங்கள் லைன் வீடுகளில் மருந்து என்று பெயர். டிரசர் கொடுக்கும் காய்ச்சல் தூளும் அதே மாதிரி சின்னப் பொட்டலத்தில்தான் வரும். யாரோ ஒருவர் வேடிக்கையாகச் சொல்லி, அதுவே நிலைத்துவிட்டது. "மருந்து போட்டியா?", "எனக்குப் பாதி மருந்து குடு லா" என்று பிள்ளை முதல் பெரியவர் வரை அப்படித்தான் பேச்சு.

வீட்டுக்கு வந்த ஒரு வாரம் ஒழுங்காக இருந்தேன். உப்பில்லாத ரசத்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். எட்டாம் நாள் பசி தாங்கவில்லை. வீரையா லோரியைக் கழுவிக்கொண்டிருந்தார். "ஏங்க, மீ சாப்பிடலாமா? உப்பு போடாம?" என்று கேட்டேன்.

"உப்பு போடாம எப்படி?"

"வெறும் மருந்துதான்."

அவர் யோசித்தார். "உப்புதானே வேணாம்னாங்க. மருந்து பரவால்ல" என்றார். மறுநாள் கீழே இறங்கியவர் ஒரு பெட்டி மீ வாங்கிக்கொண்டு வந்தார். என் பெண்டாட்டி வாய்க்கு ருசியாக ஏதோ ஒன்றாவது சாப்பிடுகிறாளே என்று அவருக்கு அவ்வளவு சந்தோஷம். தானே தண்ணீர் காய்ச்சி, தானே பொட்டலத்தைப் பிய்த்துக் கொட்டி, கிண்ணத்தை என் கையில் கொடுப்பார். காலை, மத்தியானம், சாயந்தரம்.

நான் தாண்டிப் போகிற இடம் இதுதான். 'எங்களுக்குத் தெரியாது, படிக்காத ஜனம்' என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். வீரையாவுக்குத் தெரியாது, அது சத்தியம். எனக்கு நாக்கு இருக்கிறதே. அந்தத் தூளைத் தனியாக விரலில் தொட்டு நக்கினவள் நான். அது கரிக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அதன் பெயர் உப்பு இல்லை. அந்தப் பெயருக்குப் பின்னால் போய் நான் ஒளிந்துகொண்டேன்.

மூன்றே வாரம். கண் வீங்கியது, கால் வீங்கியது, இந்த முறை வயிறும் வீங்கியது. படுத்தால் மூச்சு வாங்கியது. டிரசர் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் கட்டி இரண்டு தடவை பார்த்தார், உடனே வேனுக்கு ஆள் அனுப்பினார்.

இரண்டாவது முறை போனபோது அதே வார்டு, ஜன்னலோரக் கட்டில். பக்கத்துக் கட்டிலில் பிரிஞ்சாங்கில் காய்கறி போடும் ஒரு சீன அம்மா. கால் உடைந்து மாவுக்கட்டுப் போட்டிருந்தது. அவரைப் பார்க்க வருகிறவர்கள் பை பையாகக் கெரோப்போக் கொண்டுவந்து வைப்பார்கள். இறாலை மாவில் சேர்த்துப் பொரித்த அப்பளம். அவர் கடிக்கும் ஒவ்வொரு கடியும் என் காதுக்குள் கேட்கும்.

டாக்டர் என் சீட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். நாலு நாள் பார்த்தும் முள் இறங்கவில்லை. ஐந்தாம் நாள் மத்தியானம், வீரையா வந்திருந்த நேரம், டாக்டரும் ராஜம் மிஸ்ஸியும் ஒரு தாளோடு வந்து நின்றார்கள். மிஸ்ஸி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"மாத்திர வேல செய்யலன்னு டாக்டர் நெனைக்கிறாரு. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வேற மருந்து குடுக்கணும். கடுமையான மருந்து. உசுருக்கு வேற வழி இல்லன்னாத்தான் அதக் குடுப்பாங்க."

"குடுக்கட்டும் மிஸ்ஸி. உசுரு பொழச்சா போதும்" என்றார் வீரையா.

"கேளுங்க. அந்த மருந்து போட்டா பின்னால புள்ள தங்காமப் போனாலும் போயிரும். அதச் சொல்லித்தான் கையெழுத்து வாங்கணும்."

வீரையா என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். வெளியே தூறிக்கொண்டிருந்தது.

"கையெழுத்துப் போடுறதுக்கு முந்தி ஒண்ணு கேக்கச் சொன்னாரு" என்று மிஸ்ஸி பேனாவைத் திறந்தார். "வீட்டுல உப்பு சேத்தாங்களா?"

"சத்தியமா இல்ல மிஸ்ஸி. உப்பு ஜாடியே வீட்டுல கெடையாது. நானும் சேக்கல."

"மருந்து?"

"ஒரு வேள விடல. மூணு வேளையும் என் கையாலதான் போட்டுக் குடுத்தேன்."

மிஸ்ஸி எழுதிக்கொண்டார். அவர் கேட்டது மாத்திரையை. இவர் சொன்னது எதையென்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். மாத்திரையை நானே போட்டுக்கொள்வேன். அவர் கையால் போட்டுக் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். பேனா தாளில் உராயும் சத்தம் கேட்டது. அப்புறம் அந்தப் பேனாவையே வீரையாவிடம் நீட்டினார்கள்.

அந்த நேரத்தில் என் மனசில் என்ன ஓடியது என்று உள்ளபடி சொல்லவா? பிள்ளை ஓடவில்லை. உயிரும் ஓடவில்லை. சொன்னால் இவர்கள் எல்லோரும் என்னைக் கேவலமாகப் பார்ப்பார்களே என்பதுதான் ஓடியது. என் தலையணை உறைக்குள் ஒரு பாக்கெட் மீ இருந்தது. வரும்போதே துணிக்குள் சுருட்டிக் கொண்டுவந்தது. அதை எடுத்துவிடுவார்களே என்பதும் ஓடியது. இவ்வளவு அற்பமானவளா நான் என்று இன்றைக்கும் கூசுகிறது.

வீரையாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். ஆனால் மெதுவாகப் போடுவார். தாளைக் கட்டில் ஓரத்தில் வைத்து, முதல் எழுத்துக்கு மேல் பேனாவை வைத்துக்கொண்டு நின்றார்.  

"போடாதீங்க" என்றேன்.

"ஏன் புள்ள?"

நான் தலையணை உறைக்குள் கையை விட்டுப் பாக்கெட்டை எடுத்தேன். பிரித்தேன். பொட்டலத்தை எடுத்து மிஸ்ஸியின் கையில் வைத்தேன். "இவுரு சொன்ன மருந்து இது, மிஸ்ஸி. நாங்க இததான் மருந்துன்னு சொல்லுவோம். மூணு வேளையும் இதத்தான் போட்டுத் தின்னேன்."

மிஸ்ஸி பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தார். ஓரத்தைக் கிழித்து, சுண்டுவிரலால் தொட்டு நாக்கில் வைத்தார். உடனே கைக்குட்டையில் துப்பினார். டாக்டரிடம் மலாயில் ஏதோ வேகமாகச் சொன்னார். டாக்டர் ஒருமுறை சிரித்துவிட்டார், அப்புறம் சிரிக்கவில்லை. வீரையாவின் விரலிலிருந்து பேனாவை அவரே எடுத்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

"இவ்வளவு உப்பு உள்ள போனா எந்த மாத்திரயும் வீக்கத்த எறக்காது" என்று மிஸ்ஸி சொன்னார். "மாத்திர வேல செய்யுதா இல்லையான்னு இப்ப யாருக்கும் தெரியாது. ரெண்டு வாரம் பாப்பாரு. இங்கயே, எங்க கண்ணு முன்னால. கொறஞ்சா சரி. கொறையலன்னா இந்தத் தாள மறுபடி கொண்டாருவோம்."

 வீரையா வாசல் வரை போனார், திரும்பி வந்தார். "என் கையாலயே போட்டுக் குடுத்தேனே தனம்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்றைக்கு நான் அழுத அழுகையில் சீன அம்மா பயந்துபோய் மணியை அடித்துவிட்டார்.

மறுநாள் அவர் வருவாரோ மாட்டாரோ என்று இருந்தேன். வந்தார். தூக்குச்சட்டியில் பூசணிக்காயை வேகவைத்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, மிளகும் பச்சைமிளகாயும் தட்டிப் போட்டுக் கொண்டுவந்திருந்தார். "நாலு தினுசா செஞ்சு பாத்தேன். உப்பு இல்லாம இதுதான் கொஞ்சம் தொண்டையில எறங்குது" என்றார். அப்புறம் மாத்திரையை எடுத்து என் கையில் வைத்து, நான் நாக்கில் வைத்து விழுங்குகிற வரை வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த இரண்டு வாரத்தை நினைத்தால் இப்போதும் மேல் சிலிர்க்கிறது. பசி ஒரு பக்கம், தாள் ஒரு பக்கம். மிஸ்ஸியின் மேசையில் என் ஆஸ்பத்திரிச் சீட்டுகளுக்குள் அந்தத் தாளின் ஓரம் நீட்டிக்கொண்டிருப்பது கட்டிலிலிருந்தே தெரியும். ஆசை வந்தால் முழுநாளும் நிற்காது. ஒரு கால் மணி நேரம் வந்து கழுத்தைப் பிடிக்கும், அப்புறம் விட்டுவிடும். அந்தக் கால் மணியைத் தாண்டுவதுதான் பாடு. எழுந்து தாழ்வாரத்தில் நடப்பேன். எலுமிச்சைத் தோலை மோந்து பார்ப்பேன். ஒரு தடவை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றேன். வகுப்பில் தண்டனை வாங்கினவளா என்று சமையல்காரம்மா கேட்டார்.

ஏழாம் நாள் சீன அம்மாவை எக்ஸ்ரே எடுக்கத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவருடைய கெரோப்போக் பை வாய் திறந்தபடி மேசைமேல் இருந்தது. நல்ல மனுஷி, போகும்போதுகூட "மக்கான் லா, சிக்கிட்" என்று சொல்லிவிட்டுப் போனார். கொஞ்சம் தின்னேன் என்று. நான் எப்போது எழுந்தேன், எப்போது கையை விட்டேன் என்று தெரியாது. ஒன்று வாயில் இருந்தது. கடிக்கவில்லை. நாக்கில் வைத்ததும் உப்பு கரைந்து இரண்டு பக்கமும் ஓடியது. அப்பா, எவ்வளவு நாளாயிற்று. அப்போது மிஸ்ஸியின் மேசைமேல் அந்தத் தாளின் ஓரம் கண்ணில் பட்டது.

ஓடிப்போய்த் தொட்டியில் துப்பினேன். நேரே மிஸ்ஸியிடம் போய்ச் சொன்னேன். மறைத்து மறைத்துப் பட்டது போதும் என்றிருந்தது.

"முழுங்குனியா?"

"இல்ல."

"எச்சில?"

"கொஞ்சம் போயிருச்சு."

"போ, வாய நல்லா கொப்புளி" என்றார். பிறகு சீன அம்மாவின் மேசையை நகர்த்தி, என் கட்டிலுக்கு எட்டாத பக்கம் தள்ளிவைத்தார். சீன அம்மா திரும்பி வந்ததும் மிஸ்ஸி மலாயில் என்ன சொன்னாரோ தெரியாது, அன்றிலிருந்து அவர் கெரோப்போக்கை வார்டில் பிரிக்கவே இல்லை. போர்வைக்குள் வைத்துத் தின்றாரோ என்னவோ, சத்தம் மட்டும் வரவில்லை.

ஒன்பதாம் நாள் முள் அரை கிலோ இறங்கியது. பத்தாம் நாள் ஒரு கிலோ. பதின்மூன்றாம் நாள் மிஸ்ஸி என் காலை அமுக்கினார், குழி விழவில்லை. சிறுநீரைக் காய்ச்சிப் பார்த்தார்கள். மெல்லிய புகை மாதிரி கலங்கியதே தவிர, திரளவில்லை. மாத்திரை வேலை செய்துகொண்டுதான் இருந்திருக்கிறது. நான்தான் விடவில்லை. டாக்டர் அந்தத் தாளை என் சீட்டுகளுக்குள்ளிருந்து உருவி, நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

முழுசாகக் குணமாக ஒன்றரை வருஷம் ஆயிற்று. நடுவில் ஒரு முறை லேசாகத் திரும்பி வந்தது, டிரசரே பார்த்துக்கொண்டார். வீரையா அந்த ஒன்றரை வருஷமும் எனக்காக உப்பில்லாமல் சாப்பிட்டார். லோரிக்காரர்கள் கேலி செய்தால், "ஒனக்கென்னா லா, ஒன் நாக்கு ஒன்கிட்ட" என்பார். கால் வீங்கி வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். டாக்டர் ஒரு சொல்லைச் சொன்னால், உங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று ஒரு தடவை யோசித்துக்கொள்ளுங்கள். மற்றது, ஆசை வரும் அந்தக் கால் மணி நேரத்தைத் தாண்டுவது.

போன வாரம் என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். ஆறு வயது. யாரோ கூட்டாளி கொடுத்ததாம், கையில் ஒரு பாக்கெட் மீ. கீழே உட்கார்ந்து நொறுக்கினாள். எனக்கு அந்தச் சத்தத்திலேயே வாயில் எச்சில் ஊறிவிட்டது, இத்தனை வருஷம் கழித்தும். பாக்கெட்டுக்குள் துழாவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அம்மா, மருந்து எங்க?"

எங்கள் லைனில் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். பொட்டலம் தரையில் விழுந்திருந்தது. எடுத்தேன், கிழித்தேன், வாசல் சாக்கடைக் காணில் கொட்டினேன். அவள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"அதுக்குப் பேரு உப்பு" என்றேன். "சொல்லு. உப்பு."

"உப்பு" என்றாள் விசும்பிக்கொண்டே.

என் ஆள்காட்டி விரலில் கொஞ்சம் தூள் ஒட்டியிருந்தது. சோப்புப் போட்டுக் கழுவினேன். இன்னொரு தடவையும் கழுவினேன். அப்படியும் சாயந்தரம் வரை அந்த விரலை வாய்ப்பக்கம் கொண்டுபோகவில்லை.